நாயின் வயிற்றுக் கோளாறு: வீட்டு மருத்துவமும் ஆகார முறையும்

வீட்டுக் கறவைப் பசு ஒரு வேளை தீனி எடுக்காமல் நின்றால் நாம் சும்மா இருப்பதில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குச் செல்கிறோம். அசை போடுகிறதா, சாணம் எப்படி இருக்கிறது என்று கவனிக்கிறோம். பொழுது விடிந்ததும் கால்நடை மருத்துவரை நாடுகிறோம். அதே கொட்டிலைக் காத்துக் கிடக்கும் நாய், சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காமல் திண்ணையோரம் சுருண்டு கிடந்தால், "எதையோ தின்றுவிட்டது, நாளைக்குச் சரியாகிவிடும்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் இச்சொல் பலித்தும் விடுகிறது. பலிக்காத சில வேளைகளில், ஓரிரு நாட்களுக்குள் நாயின் உயிர் போய்விடுகிறது. எந்தக் கோளாறு வீட்டுப் பராமரிப்பில் தீரும், எது தீராது என்பதைப் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாம்பரத்தைச் சூழ்ந்த தென் சென்னைப் புறநகர்ப் பகுதிக்கு இவ்விஷயம் மிகவும் பொருந்தும். 2021-ஆம் ஆண்டில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்று சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. அப்பொழுது முடிச்சூர், வேங்கைவாசல், அகரம்தென் முதலிய ஊர்கள் ஊராட்சிகளாகவே நின்றன. இவ்வூர்களில் நெல் வயலும் அடுக்குமாடி வீடும் அடுத்தடுத்து இருக்கக் காணலாம். வயலில் எலிப் பாஷாணமும் பூச்சிமருந்தும். தெருமுனையில் கோழிக்கடைக் கழிவும் கல்யாண மண்டபத்து எச்சில் இலையும். மழைக்காலத்தில் ஏரி உபரிநீரும் சாக்கடை நீரும் கலந்த தேக்கம். இவ்வளவும் நாயின் வாய்க்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆகவே வயிற்றுக் கோளாறு இங்கே அடிக்கடி நேர்வதில் வியப்பில்லை.

காரணங்கள்

நாயின் வயிறு கெடுவதற்கு முதற்காரணம் ஆகாரமேயாகும். கெட்டுப்போன பண்டம், எண்ணெய் மிகுந்த பிரியாணி மிச்சம், காரக் குழம்பு, திடீரென்று மாற்றிய தீனி ஆகியவை வாந்தியையும் பேதியையும் உண்டாக்கும். இரண்டாவது காரணம் குடற்புழு. கொக்கிப்புழு குடற்சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சுவதால் குட்டிகளின் ஈறு வெளுத்துப் போகும். மூன்றாவது தொற்று நோய்கள். அவற்றுள் பார்வோ என்னும் வைரஸ் நோய் கொடியது. உண்ணி கடிப்பதால் வரும் காய்ச்சல்களிலும் நாய் தீனியை மறுப்பதுண்டு. வெள்ளம் வடிந்தபின் தேங்கும் நீரில் எலியின் சிறுநீர் கலப்பதால் வரும் லெப்டோஸ்பைரா நோயில் வாந்தியும் மஞ்சள் காமாலையும் காணும். அது மனிதருக்கும் தொற்றக் கூடியது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து அடையாற்றுக் கரை ஊர்கள் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நாட்களுக்குப் பின் நாய்க்கு வரும் வாந்தியைச் சாதாரண அஜீரணம் என்று எண்ணிவிடுதல் தவறாகும்.

நாய் எப்பொழுதேனும் புல்லைத் தின்று கக்குவதும், அவசரமாக விழுங்கிய சோற்றை ஒரு முறை வெளியே தள்ளிவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு நிற்பதும் நோயல்ல என்பதையும் இங்கே கூறிவிடுவோம்.

மருந்துக்கு முன் பார்வை

கையில் எதையும் எடுப்பதற்கு முன் நாயை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தல் வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால் எழுந்து வருகிறதா? மேல் உதட்டைத் தூக்கி ஈற்றைப் பார்ப்போம். ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவந்துவிடும். ஈறு பிசுபிசுப்பாகவோ வெளுத்தோ இருந்தால் அது நல்ல அறிகுறி அன்று. பிறகு தோள்களுக்கு இடையேயுள்ள தோலைக் கிள்ளித் தூக்கி விடுவோம். உடனே படிந்துவிட்டால் உடலில் நீர் போதுமான அளவு இருக்கிறது. கூடாரம் போல நின்று மெல்லப் படிந்தால் நீர் வற்றிவிட்டது என்று அறியலாம்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். நம்முடைய அளவை வைத்துக்கொண்டு, தொட்டால் சுடுகிறது என்பதற்காகக் காய்ச்சல் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

வளர்ந்த நாய், தடுப்பூசி போட்டது, ஓரிரு முறை வாந்தியோ சில முறை இளகிய பேதியோ ஆகியிருக்கிறது, இரத்தம் இல்லை, அழைத்தால் வருகிறது, தண்ணீர் குடிக்கிறது. இவ்வளவும் ஒருங்கே இருந்தால் மட்டுமே, ஒரு நாள் வீட்டு முறையைக் கையாண்டு பார்க்கலாம்.

தண்ணீரே முதல் மருந்து

வயிறு கெட்ட நாய்க்குத் தண்ணீரே காட்டக் கூடாது என்ற எண்ணம் சில வீடுகளில் இருந்து வருகிறது. இது முற்றிலும் பிழையானது. பேதியில் உயிரைப் போக்குவது பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வெளியேறுவதே. 1971-ஆம் ஆண்டில் வங்காள எல்லையிலுள்ள பன்காவோன் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை வாய்வழியே கொடுக்கச் செய்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். நீர் வற்றுவதால் வரும் ஆபத்து நாய்க்கும் மனிதருக்கும் ஒன்றே.

ஆனால் கொடுக்கும் முறையில் கவனம் வேண்டும். வாந்தி எடுக்கும் நாய் ஒரு கிண்ணம் நீரை ஒரே மூச்சில் குடித்தால் அதையும் கக்கிவிடும். ஆகையால் காய்ச்சி ஆற வைத்த நீரை அரை மணிக்கு ஒரு முறை இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவு வைத்தல் வேண்டும். தங்கினால் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும் உப்புச்சர்க்கரைப் பொட்டலத்தை, உறையில் கண்டுள்ள அளவு நீரில் கரைத்து இவ்வாறே கொடுக்கலாம். உப்பு சேர்க்காத நீர்த்த அரிசிக் கஞ்சியும் நல்லது. ஒரு நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லிலிட்டர் நீர் தேவை. 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு இது முக்கால் லிட்டருக்கு மேல் ஆகும். பேதி ஆகும்போது இதற்கு மேலும் வேண்டும். குடிக்க மறுக்கும் நாயின் வாயைப் பிளந்து ஊற்றுதல் கூடாது. நீர் நுரையீரலில் புகுந்து வேறு நோயை உண்டாக்கிவிடும்.

ஆகார முறை

வாந்தி எடுக்கும் வளர்ந்த நாய்க்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகாரத்தை நிறுத்தி வைக்கலாம். வாந்தியின்றிப் பேதி மட்டும் ஆகும் நாயைப் பட்டினி போட வேண்டியதில்லை. எளிய ஆகாரத்தைத் தொடங்கிவிடலாம். குட்டிகளை எக்காரணம் கொண்டும் பட்டினி போடக் கூடாது. அவற்றின் உடலில் சேமிப்பு மிகக் குறைவாதலால், சில மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்துவிடும்.

எளிய ஆகாரம் என்பது இதுதான்: குழைய வேகவைத்த சோறு இரண்டு பங்கு, தோலும் எலும்பும் கொழுப்பும் நீக்கி வெறும் நீரில் வேகவைத்துப் பிய்த்த கோழிக்கறி ஒரு பங்கு. உப்பு, மிளகாய், எண்ணெய், மசாலை எதுவும் சேர்த்தல் ஆகாது. மாமிசம் புழங்காத வீட்டினர் கறிக்குப் பதிலாக, நன்றாகக் குழைந்த பாசிப்பருப்பைச் சிறிதளவு சேர்க்கலாம். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு கரண்டி சேர்த்தால் மலம் கட்டுப்படத் துணை செய்யும். பழக்கமுள்ள நாய்க்குப் புளிக்காத தயிர் ஒரு கரண்டி கலக்கலாம். பால் மட்டும் வேண்டாம். பாலிலுள்ள சர்க்கரையை வளர்ந்த நாய்கள் பல ஜீரணிக்க மாட்டா, பேதி மிகுதியாகும்.

முதல் முறை இரண்டு மூன்று கரண்டி மட்டும் வைப்போம். இரண்டு மணி நேரம் தங்கினால் மறுமுறை ஒரு கைப்பிடி வைப்போம். ஒரு வேளைச் சோற்றை ஒரேயடியாகக் கொட்டாமல், நாளொன்றுக்கு நான்கைந்து முறையாகப் பிரித்து வைப்பதே முறை. மலம் கெட்டிப்பட்டபின் இரண்டு நாள் இதையே தொடர்ந்து, அதன்பின் வழக்கமான தீனியை முதல் நாள் கால் பங்கு, மறுநாள் அரைப் பங்கு என்று கூட்டிக்கொண்டே போய், நான்கு நாட்களில் பழைய நிலைக்கு வரலாம். சோறும் கறியும் மட்டுமே நெடுநாள் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து முதலியவை போதாமற் போகும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கொடுக்கத் தகாதவை

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் தன்மை வாய்ந்தவை. புழுவுக்கென்று பூண்டைத் தட்டிப் போடும் பழக்கத்தைக் கைவிடுதல் வேண்டும். விவசாயிகள் இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாட்டின் கழிச்சலுக்கு நாம் அரைத்துக் கொடுக்கும் மருந்துருண்டையில் வெங்காயமும் பூண்டும் சேர்வதுண்டு. மாட்டுக்கு உதவிய மருந்தாயிற்றே என்று அதில் ஒரு பங்கை நாய்க்கு உருட்டிக் கொடுத்தால் தீங்கே விளையும். வசம்பை உரைத்துப் புகட்டுவதும் வேண்டாம்.

திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட், சைலிட்டால் என்னும் இனிப்பு சேர்ந்த சர்க்கரையில்லாப் பண்டங்கள் ஆகியவை நஞ்சு. வெந்த எலும்பு கூர்மையாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். மனிதர் உட்கொள்ளும் வலி மாத்திரைகளான பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் ஆகியவற்றையும், பேதியை நிறுத்தும் மாத்திரைகளையும் நாமாகக் கொடுத்தல் ஆகாது. நஞ்சு தின்றதென்று உப்பைக் கரைத்துப் புகட்டி வாந்தி எடுக்கச் செய்வதும் ஆபத்தானது. அந்த உப்பே உயிரைக் குடிக்கக் கூடும்.

ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாத நிலைகள்

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று காணினும் வீட்டு முறையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

1. வாந்தியிலோ மலத்திலோ இரத்தம் காணுதல். மலம் தார் போலக் கறுத்திருத்தல்.
2. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி, ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வாந்தியோ பேதியோ ஆதல்.
3. குடித்த நீரும் தங்காமல் வாந்தியாதல்.
4. ஈறு வெளுத்தோ மஞ்சளாகவோ இருத்தல். எழுந்து நிற்க முடியாமை.
5. வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஆழ்ந்த மார்புடைய நாய்களில் இரைப்பை முறுக்கிக்கொள்வதுண்டு. அது சில மணி நேரத்தில் கொல்லும்.
6. எலிப் பாஷாணமோ பூச்சிமருந்தோ தின்றிருக்கலாம் என்ற ஐயம். எச்சில் ஒழுகி உடல் நடுங்குதல். மருந்தின் உறையையும் உடன் எடுத்துச் செல்லுதல் நலம்.
7. சாதாரணமாகத் தோன்றினும் ஒரு நாளில் தணியாத வாந்தி; இரண்டு நாளில் தணியாத பேதி.

குட்டிகளைக் கொல்லும் பேதி

மேற்கண்ட பட்டியலில் இரண்டாவதைப்பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது. 1978-ஆம் ஆண்டு வாக்கில் உலகின் பல நாடுகளில் ஒரே சமயத்தில் நாய்க்குட்டிகள் இரத்தப் பேதியால் மடியத் தொடங்கின. அதற்குக் காரணமான வைரஸுக்கு நாய்ப் பார்வோ என்று பெயர். நம் நாட்டில் இந்நோயைப்பற்றிய முதல் அறிக்கை 1981-இல் பாலு, தங்கராஜ் என்னும் இருவரால் வெளியிடப்பட்டது. அன்று முதல் இந்நோய் நம்மிடையே இருந்து வருகிறது.

தெருவில் கிடந்த இரண்டு மாதக் குட்டியைப் பிள்ளைகள் அன்போடு வீட்டுக்கு எடுத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாள் ஓடி விளையாடுகிறது. ஐந்தாம் நாள் காலை சோர்ந்து படுக்கிறது. நுரை நுரையாக வாந்தி எடுக்கிறது. வீட்டார் வழக்கம்போல மோரும் சோறும் வைத்துக் காத்திருக்கிறார்கள். மாலையில் துர்நாற்றமுள்ள இரத்தப் பேதி ஆகிறது. இருட்டிவிட்டதே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். காலையில் பார்ப்பதற்குக் குட்டி இருப்பதில்லை. அன்பு குறைந்ததால் அது சாகவில்லை. காலையில் செல்ல வேண்டிய இடத்துக்கு மறுநாள் செல்லலாம் என்று எண்ணியதால் செத்தது. சிகிச்சையின்றி விடப்பட்ட குட்டிகளில் பெரும்பாலானவை இறக்கின்றன. காலத்தில் நரம்பு வழியே நீரேற்றிச் சிகிச்சை பெற்றவற்றில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. இந்த வேறுபாட்டை உண்டாக்குவது சில மணி நேரமே.

இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிருடன் இருந்து அடுத்த குட்டியைப் பற்றும். சாதாரணப் பினாயில் அதை அழிக்காது. பிளீச்சிங் பவுடர் கரைசல் அழிக்கும். மலத்தை முதலில் அகற்றிக் கழுவிவிட்டு, கரைசலைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊற விடுதல் வேண்டும். நோய் கண்ட வீட்டில், தடுப்பூசி முழுவதும் போடாத வேறு குட்டியை ஓராண்டுக் காலம் சேர்க்காதிருத்தலே விவேகம்.

இதனைத் தடுக்கும் வழி எளியது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. பின் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாகப் பதினாறு வாரம் வரை. ஓராண்டில் மீண்டும் ஒன்று. குடற்புழு மருந்தை இரண்டு வாரக் குட்டி முதலே மருத்துவர் கூறும் அளவில் தொடங்கலாம். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டு, பின்னர் மருத்துவர் கூறும் காலத்தில் தவறாது போட்டு வருதல் வேண்டும்.

வாயில் கை வைக்குமுன்

நாய் தண்ணீரை விழுங்க முடியாமல் எச்சில் வடித்து, தாடை தொங்கி, குரல் மாறி இருந்தால், தொண்டையில் எலும்பு சிக்கியது என்று எண்ணி வாய்க்குள் கை விடுவோர் உண்டு. அது வெறிநோயாகவும் இருக்கலாம். அத்தகைய நாயைத் தொடாமல் ஒதுக்கி வைத்து, கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்தல் வேண்டும். கடியோ கீறலோ பட்டால், எச்சில் புண்ணில் பட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அறிகுறி தோன்றியபின் இந்நோயிலிருந்து பிழைப்பது அரிதினும் அரிது.

எங்கே செல்வது

முதலில் நாட வேண்டியது அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம். அங்கே முடியாத சிகிச்சைக்கு, 1903-இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து அது 25 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். இரவில் வண்டி தேடி அலைந்து அங்கே சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். ஆகவே நாய் நலமாயிருக்கும்போதே மருந்தகத்தின் நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வேளச்சேரிப் பகுதியில், கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு ஆதரவற்ற பிராணிகளுக்குத் தொண்டாற்றி வருகிறது.

பஞ்சாயத்துகள் செய்யக் கூடியவை

தனி மனிதர் ஒரு நாயைக் காப்பாற்றலாம். ஊரிலுள்ள நாய்கள் எல்லாவற்றின் வயிற்றையும் காப்பது பஞ்சாயத்தினால்தான் முடியும். இறைச்சிக் கடைக் கழிவும் மண்டபத்து எச்சில் இலையும் தெருமுனையில் ஓர் இரவுகூடத் தங்காதபடி செய்தால், வயிற்று நோய் குறைவதோடு நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து சண்டையிடுவதும் குறையும். 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களுக்கு ஆகாரம் வைக்க, பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் மாடிப்படி வாசல்களுக்கும் விலகிய இடங்களைக் குறிக்கச் சொல்கின்றன. அவ்விடத்தில் வெறும் சோறும் நல்ல நீரும் வைத்து, மிச்சத்தை அன்றே அகற்றும் ஏற்பாடு வேண்டும். கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் அவ்விதிகளின்படி உள்ளாட்சிகளின் பொறுப்பாகும். உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28-ஐ ஒட்டி, கால்நடைப் பராமரிப்புத் துறையின் உதவியோடு ஊரில் ஒரு தடுப்பூசி முகாம் நடத்தலாம். முகாமுக்கு வருவோரிடம் குடற்புழு மருந்தைப்பற்றியும் எடுத்துரைக்கலாம். நாயின் மலத்தோடு வெளியேறும் புழு முட்டைகளும் குஞ்சுகளும் மண்ணில் விளையாடும் நம் பிள்ளைகளின் உடலிலும் புகக் கூடுமாதலால், இது நாய்க்கு மட்டும் செய்யும் உதவியன்று. குட்டி மடிந்த வீட்டுக்கும் தெருவுக்கும் பிளீச்சிங் பவுடர் கொடுத்து உதவுவது, கையிருப்பைக்கொண்டே செய்யத்தக்க சிறு காரியம்.

மருந்தகத்தின் முகவரி, வேலை நேரம், தொலைபேசி எண், கால்நடை அவசர ஊர்திக்குரிய 1962 என்னும் எண் ஆகியவற்றைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதற்கு ஒரு டப்பா வர்ணம் போதும்.

முடிவாகக் கூறுவது இதுவே. வளர்ந்த, தெளிவாயுள்ள நாய்க்கு நீர், ஓய்வு, வெறும் சோறு, ஒரு நாள் அவகாசம். குட்டிக்கும் இரத்தம் கண்ட நாய்க்கும் அந்த ஒரு நாள் அவகாசம் இல்லை. இன்றிரவு நம் வாசலில் படுத்திருக்கும் நாயின் ஈறு எந்த நிறத்தில் இருக்கிறது என்று அது நலமாயிருக்கும்போதே ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்வோமாக. நோய் வரும் நாளில் வேறுபாட்டைக் கண்டுகொள்ள அது உதவும்.